'பத்து வருஷம் முடிஞ்சிருச்சு' என்பது பாதி உண்மை

நான்குவழிச் சாலையோரக் கிராமங்களில் நெல்லுக்குப் பதில் எல்லைக் கற்கள் முளைக்கின்றன. மனைப்பிரிவு போட நிலம் வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. பட்டா, தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து, வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் பெற்றே கிரயம் செய்கிறார்கள். பிறகு எப்படி நம் பஞ்சமி நிலம் மனைகளாக விற்கப்படுகிறது?

வில்லங்கச் சான்று காட்டுவது பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே. நிலம் எந்த நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்டது என்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருக்கிறது. 30 ஆண்டுக்கு வில்லங்கம் இல்லை என்ற தாள், 1892-ஐப் பற்றி வாயே திறக்காது.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் சென்னை மாகாண அரசு இந்த நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வழங்க ஆணையிட்டது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகு விற்கலாம், ஆனால் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே. மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

தரகர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். "பத்து வருஷம் எப்பவோ முடிஞ்சிருச்சு, தாத்தா காலத்து நிலம்தானே, கைநாட்டு வையுங்க" என்பார்கள். நேரடிக் கிரயம் சிக்கல் என்று தெரிந்தவர்கள் பவர் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். "இது விற்பனை இல்லை, அதிகாரம்தான்" என்று சொல்லிவிட்டு, அந்த அதிகாரத்தை வைத்தே மனைகளை விற்றுவிடுகிறார்கள். கடன் வாங்கி மனை வாங்கிய கூலித் தொழிலாளியும் கடைசியில் நம்மோடு சேர்ந்துதான் அலைகிறார்.

இன்னொரு வழியும் உண்டு. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில், யூ.டி.ஆர். என்று ஊரில் சொல்வார்களே, அதில் பல இடங்களில் பட்டாப் பெயரே மாறிப்போனது. சர்வே எண்ணும் உட்பிரிவாகிவிட்டால், பழைய எண்ணோடு ஒப்பிடாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதைச் செய்யாமல் எழுதித் தரப்படும் லீகல் ஒப்பீனியன், நம் பார்வையில், பாதி வேலைதான்.

காரணையில் தொடங்கிய நில மீட்புப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். பஞ்சமி என்ற சொல் பல ஊர்களுக்குத் தெரியவந்ததே அதன்பிறகுதான்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள பழைய பட்டாவையும் தீர்வை ரசீதையும் எடுத்துப் பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டின் நகலை வாங்குங்கள். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ இருக்கிறதா என்று தேடுங்கள். புதிய பதிவேட்டில் இல்லையென்றால் விட்டுவிடாமல், யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

மிரட்டியோ போலி ஆவணத்தாலோ நிலத்தைப் பறித்திருந்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில் குற்றம். காவல் நிலையத்தில் புகார் தரலாம். நிலத்தை மீட்கக் கோரும் மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கலாம். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.