ஓய்வு என்னும் மருந்து எல்லோருக்கும் கிடைக்கிறதா?

புது தில்லி: மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்குவதற்கு இடைப்பட்ட வாரங்களில் தலைநகர மருத்துவமனைகளில் டெங்கு நோயாளிகள் குவிவது ஆண்டுதோறும் காணும் காட்சி. காய்ச்சல் தணிந்து வீடு திரும்புவோரில் சிலருக்கு நெஞ்சு வலியும் மூச்சிரைப்பும் படபடப்பும் நீடிக்கின்றன. பரிசோதித்துப் பார்த்தால், காய்ச்சலின் பாதிப்பு இதயத் தசையையும் எட்டியிருப்பது தெரிய வருகிறது. மருத்துவர்கள் மயோகார்டைட்டிஸ் என்று குறிப்பிடும் இதயத் தசை அழற்சி இது.

டெங்கு மட்டுமே இதற்குக் காரணமன்று. சளிக் காய்ச்சலை உண்டாக்கும் பலவகை வைரஸ்கள், கரோனா, தடுப்பூசி போடாத குழந்தைகளைத் தாக்கும் தொண்டை அடைப்பான், இமயமலை அடிவாரக் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் இதயத்தைத் தாக்கக் கூடும். பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் குணமடைகின்றனர். சிலருக்கோ இதயம் நிரந்தரமாகப் பலவீனமடைகிறது.

மருந்துச் சீட்டின் கடைசி வரி

இந்நோய்க்கான சிகிச்சையில் மாத்திரைகளுக்கு இணையான இடம் ஓய்வுக்கு உண்டு. கடும் உடலுழைப்பை 3 முதல் 6 மாதங்கள் வரை தவிர்க்க வேண்டும் என்பதே இதய நோய் மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. அழற்சியுற்ற தசையின் மீது சுமை ஏற்றினால் பாதிப்பு அதிகரிக்கலாம்; இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணமும் நேரிடலாம். எனவேதான் இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்த பிறகே வழக்கமான வேலைகளுக்குப் படிப்படியாகத் திரும்ப அனுமதிக்கின்றனர்.

இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி ஏற்பட்டால் படுக்கும்போது வலி கூடும். முன்னால் சாய்ந்து அமர்ந்தால் குறையும். இதற்கும் வலி தீர்ந்து, ரத்தத்தில் அழற்சியின் அளவு இயல்புக்கு வரும் வரை ஓய்வு தேவை. கோல்ச்சிசின் என்ற மருந்தை வழக்கமாக 3 மாதங்கள் உட்கொள்ள வேண்டும். குணமானதாக எண்ணிப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் அபாயம் அதிகம்.

சீட்டில் "ஓய்வு" என்று எழுதுவது எளிது. அதை வீட்டில் கடைப்பிடிப்பதுதான் கடினம். நோயாளி குடும்பத் தலைவியாக இருந்தால் அது மேலும் கடினம்.

289 நிமிஷங்கள்

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிஷங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷங்கள். 2019-ல் இவை முறையே 299, 97 நிமிஷங்களாக இருந்தன. ஐந்தாண்டுகளில் இருவரின் நேரமும் சற்றே குறைந்துள்ளது. இடைவெளி அப்படியே இருக்கிறது.

இந்த நிமிஷங்களுக்குள் அடங்கியிருப்பவை லேசான வேலைகள் அல்ல. தில்லியின் குடிசைப் பகுதிகளில் தண்ணீர் லாரியிலிருந்து குடம் நிரப்பிச் சுமப்பது, குந்தி அமர்ந்து துணி துவைப்பது, குடும்பம் முழுவதற்கும் சப்பாத்தி மாவு பிசைவது, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செங்குத்தான படி ஏறுவது என எல்லாமே இதயத்துக்கு வேலை வைப்பவை. நிரம்பிய சமையல் எரிவாயு உருளையின் மொத்த எடை மட்டுமே சுமார் 30 கிலோ.

வெளியே காயமோ கட்டோ தெரியாத நோய் என்பது மற்றொரு சிக்கல். பார்வைக்கு நலமாகத் தோன்றுபவர் படுத்திருந்தால் சோம்பல் என்று பழி வருகிறது. அந்தப் பழிக்கு அஞ்சியே பல பெண்கள் இரண்டாவது வாரத்தில் அடுப்படிக்குத் திரும்பிவிடுகின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் ஆணுக்கும் இதே நிலைதான். அவரைத் துரத்துவது வாடகையும் கடனும்.

15 நாள்களும் 6 மாதங்களும்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் 15 நாள்களுக்கான மருந்து, பரிசோதனைச் செலவும் இதில் அடங்கும். ஆனால், இதய அழற்சியிலிருந்து மீள்வதற்குத் தேவைப்படுவது மாதங்கள். அந்த மாதங்களில் இழக்கும் கூலிக்கு இத்திட்டத்தில் ஈடு இல்லை.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். குறிப்பிட்ட சில நீண்டகால நோய்களுக்கு இச்சலுகை நீட்டிக்கப்படுகிறது. ஆனால், வீட்டு வேலை செய்வோர், சாலையோர வியாபாரிகள், தினக் கூலிகள் ஆகியோரில் பெரும்பாலோர் இவ்வளையத்துக்கு வெளியே நிற்கின்றனர். இல்லத்தரசி எந்தப் பட்டியலிலும் இல்லை.

இத்தனைக்கும், அவரது உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுள்ளது. சாலை விபத்தில் இறந்த தில்லி தம்பதியர் தொடர்பான வழக்கில் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் பணிக்கு வருமானம் கணக்கிட்டு இழப்பீடு வழங்குவது அப்பணிக்கு அளிக்கும் அங்கீகாரம் என்று கருதியது. இறந்த பிறகு கணக்கிடப்படும் அந்த மதிப்பு, அவர் நோயுற்றுக் கிடக்கும் மாதங்களில் கணக்கில் வருவதில்லை என்பதுதான் முரண்.

என்ன செய்யலாம்?

வழி இல்லாமல் இல்லை. பிரசவமான வீட்டுக்கு 42 நாள்களுக்குள் ஆறேழு முறை சென்று தாயையும் சேயையும் கவனிக்கும் ஆஷா பணியாளர்கள் நாடெங்கும் உள்ளனர். உரிய பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தந்தால், இதய நோயிலிருந்து மீள்வோரின் வீட்டுக்கும் அவர்கள் செல்ல இயலும். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில், எந்த வேலை எத்தனை வாரங்களுக்குக் கூடாது என்பதைக் கணவரையும் மாமியாரையும் உடன் அமர்த்தி, அவர்களது மொழியில் விளக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

பிரசவமான பெண்ணுக்கு 40 நாள் ஓய்வு தருவதை வட இந்தியக் குடும்பங்கள் இன்றும் பெரிதும் மதிக்கின்றன. தண்ணீர்க் குடத்தை வேறொருவர் சுமக்கும் வழக்கம் அந்த வீடுகளுக்குப் புதிதல்ல. அழற்சியுற்ற இதயம் கேட்பதும் அதே சலுகையைத்தான். இன்னும் சில மாதங்கள் கூடுதலாக.