ஃபினெஸ் புழுத் தூண்டில் முறை

ஃபினெஸ் புழுத் தூண்டில் முறை என்பது சிறிய நெகிழிப் புழுவை மெல்லிய நரம்பிலும் எடை குறைந்த ஈயத்திலும் கட்டி, மிக மெதுவாக அசைத்து பாஸ் மீன்களைப் பிடிக்கும் முறையாகும். 'ஃபினெஸ்' என்னும் சொல்லுக்கு நயம், நுட்பம் என்பது பொருள். வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் ஆகியவை இம்முறையில் பிடிக்கப்படுகின்றன. தமிழகக் கடற்கரையில் கிடைக்கும் கொடுவாயும் ஆங்கிலத்தில் பாஸ் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்த மீன்.

வரலாறு

1949ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் மென்மையான நெகிழிப் புழுவை உருவாக்கினார். 1970களில் டென்னசியைச் சேர்ந்த சார்லி புரூவர், சிறிய புழுவை அதிகம் அசைக்காமல் இழுக்கும் முறையைப் பரப்பினார். கட்டிய முள்ளுக்குக் கீழே ஈயம் தொங்கும் 'டிராப் ஷாட்' முறை ஜப்பானிய பாஸ் தூண்டிற்காரர்களிடம் வளர்ந்து, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. கான்சஸ் மாநில எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் 'நெட் ரிக்' வழங்கப்படுகிறது.

பயன்படும் சூழல்

பாஸ் இரையைத் துரத்திக் கடிப்பதைவிட, வாயை விரைவாகத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்வதே வழக்கம். பசியும் சுறுசுறுப்பும் உள்ள மீன் வேகமாக ஓடும் இரையையும் பிடிக்கும். நீர் குளிர்ந்தாலோ, ஏரியில் தூண்டில்கள் மிகுந்தாலோ, நீர் மிகத் தெளிவாக இருந்தாலோ அது பெரிய இரையை விட்டு விலகும். மீன் குளிர்இரத்த விலங்கு என்பதால், குளிர்ந்த நீரில் அதன் செரிமானமும் அசைவும் குறையும். அப்போது எளிதாக விழுங்கக்கூடிய சிறிய இரை, கண்ணெதிரே நீண்ட நேரம் நின்றால் மட்டுமே அது வாயைத் திறக்கிறது. இதுவே இம்முறையின் அடிப்படை.

கருவிகள்

நுனி வளையும் இலகுவான கோலும் ஸ்பின்னிங் ரீலும் போதுமானவை. பொதுவாக 2.7 முதல் 3.6 கிலோ வரை தாங்கும் நரம்பு பயன்படுகிறது. ஃபுளோரோகார்பன் நரம்பு நீரில் எளிதில் புலப்படாததால், முள்ளை ஒட்டிய பகுதியில் அதையே பலர் விரும்புகின்றனர். புழுவின் நீளம் பெரும்பாலும் 6 முதல் 15 செ.மீ. வரை இருக்கும்.

முக்கிய முறைகள்

நெட் ரிக்: சுமார் 7 செ.மீ. நீளப் புழுவைக் காளான் வடிவத் தலையுள்ள முள்ளில் கோப்பர். ஈயத்தலை 2 முதல் 3.5 கிராம் வரை இருக்கும். புழு மிதக்கும் தன்மையுள்ள பொருளால் ஆனது என்றால், தரையில் நிற்கும்போது வால் மேல்நோக்கி எழும்பும்.

டிராப் ஷாட்: ஈயம் தரையில் கிடக்க, முள் அதற்கு 15 முதல் 45 செ.மீ. மேலே இருக்கும். கோலின் நுனியை இலேசாக நடுக்கினால் ஈயம் நகராமலேயே புழு துடிக்கும். ஆழமான நீரில் ஒரே இடத்தில் இரையை நிறுத்த இது ஏற்றது.

வேக்கி ரிக்: புழுவின் நடுவில் முள்ளைக் குத்துவர். ஈயம் இல்லாமல் விட்டால் இரு முனைகளும் மடங்கியும் நிமிர்ந்தும் ஆடியபடி மெதுவாக மூழ்கும். மீன்கள் பெரும்பாலும் புழு மூழ்கும்போதே கொத்தும்.

ஷேக்கி ஹெட்: முள்ளோடு சேர்ந்த உருண்டை ஈயத்தலை தரையில் படிய, புழு செங்குத்தாக நின்று நடுங்கும். கல்லும் மரக்கட்டையும் உள்ள தரைக்கு ஏற்றது.

கொத்தலை உணர்தல்

இம்முறையில் மீன் பலமாக இழுப்பது அரிது. நரம்பு பக்கவாட்டில் நகர்தல், இலேசான தட்டல், எடை திடீரென மறைதல் ஆகியவையே அறிகுறிகள். நரம்பு மெல்லியது என்பதால் வேகமாக வெட்டி இழுக்கக் கூடாது. தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கோலைச் சீராக உயர்த்தினால் முள் மாட்டும்.

விடுவித்தல்

இம்முறையின் வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். மீன் அமைதியாக இரையை எடுப்பதால், கவனிக்கத் தாமதித்தால் புழுவோடு முள்ளும் உணவுக்குழல் வரை செல்லும். இதயமும் செவுள்களும் அதற்கு அருகில் இருப்பதால், வாயில் மாட்டிய மீனைவிட ஆழமாக விழுங்கிய மீன் விடுவித்த பின் இறக்கும் வாய்ப்பு அதிகம். எனவே நரம்பைத் தொடர்ந்து கவனிப்பதும், கூர்மடக்கு இல்லாத முள்ளைப் பயன்படுத்துவதும் நல்லது. ஆழத்தில் சிக்கிய முள்ளை வலிந்து பிடுங்காமல், நரம்பை முள்ளருகே வெட்டிவிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. கிழிந்த நெகிழிப் புழுக்களை நீரில் எறியாமல் எடுத்துச் செல்ல வேண்டும். அவை மட்கா, மீன்கள் விழுங்கவும் கூடும்.

சட்டங்கள்

சிறு ஈயத்தை விழுங்கும் லூன் என்னும் நீர்ப்பறவை நஞ்சேறி இறப்பதால், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 28 கிராமுக்கு மேற்படாத ஈயக்குண்டுகளையும் ஈயத்தலை முட்களையும் நன்னீரில் தடை செய்துள்ளது. அங்கு டங்ஸ்டன் முதலியவை மாற்றாகப் பயன்படுகின்றன. ஜப்பானில் பெருவாய் பாஸ் 1925இல் கொண்டுவரப்பட்ட அயல் மீன். உள்நாட்டு மீன்களைத் தின்பதால், பீவா ஏரியில் பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவது மாகாண விதிப்படி தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே மீனை விடுவிப்பதும் வைத்துக்கொள்வதும் அந்தந்த நீர்நிலையின் விதியைப் பொறுத்தது.