அனைவரையும் ஏற்கும் கருத்தரிப்பு மையம்: தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

இயல்பாகக் கருவுற இயலாதவர்களுக்கு மருத்துவத்தின் துணையோடு குழந்தைப்பேறு கிடைக்க உதவும் இடமே கருத்தரிப்பு மையம். விந்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்துவது எளிய முறை, இதை ஐ.யு.ஐ. என்பர். கருமுட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவுடன் சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பது ஐ.வி.எஃப். மக்கள் வழக்கில் இது டெஸ்ட் டியூப் குழந்தை. உலகில் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில். தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1990இல் சென்னையில், மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது.

திருமணமான தம்பதியரோடு, தனித்து வாழும் பெண், கணவரை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், திருநர், மாற்றுத்திறனாளி, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர் ஆகியோருக்கும் மரியாதையோடு சேவை தருவதையே அனைவரையும் ஏற்கும் மையம் என்கிறோம். சில நாடுகளில் இது பெரும்பாலும் அந்த மையத்தின் கொள்கையைப் பொறுத்தது. இந்தியாவில் யாருக்கு எந்தச் சேவை என்பதைச் சட்டமே முதலில் முடிவு செய்கிறது. ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே மையத்தைத் தேட வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர் என் பழைய மாணவி ஒருவர். வயது 37, திருமணமாகாதவர், நல்ல வேலையில் இருக்கிறார். துணைக்கு வரச் சொன்னதால் ஒரு மையத்துக்கு அவருடன் போனேன். வரவேற்பில் தந்த படிவத்தில் மூன்றாவது வரி, ‘கணவர் பெயர்’. அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார் அங்கிருந்த பெண். “கணவர் வந்ததும் வாங்க மேடம்” என்று அனுப்பிவிட்டார்கள். சட்டம் அந்த மாணவிக்கு இடம் தந்திருந்தது. அது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

சட்டம் யாருக்கு இடம் தருகிறது?

இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று, செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021. மற்றொன்று, வாடகைத் தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம், 2021. இரண்டும் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சில மையங்களின் ஊழியர்களும் அப்படித்தான்.

முதல் சட்டம் கருவுறாமை உள்ள திருமணமான தம்பதிக்கும், 21 வயதுக்கு மேற்பட்ட ‘பெண்’ணுக்கும் இடம் தருகிறது. அந்தப் பெண் திருமணமானவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எனவே தனித்து வாழும் பெண், கொடையாக வந்த விந்தணுவைக் கொண்டு ஐ.யு.ஐ. அல்லது ஐ.வி.எஃப். செய்துகொள்ளலாம். சிகிச்சைக்கான வயது வரம்பு பெண்ணுக்கு 21க்கு மேல் 50க்குள். ஆணுக்கு 21க்கு மேல் 55க்குள்.

இரண்டாவது சட்டம் இதைவிடக் குறுகியது. வாடகைத் தாய் முறையை நாடும் தம்பதியில் பெண்ணுக்கு 23 முதல் 50, ஆணுக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். தனிப் பெண் என்றால் கணவரை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ, 35 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். திருமணமே ஆகாத பெண்ணுக்கு இதில் இடமில்லை. அதே பெண் தானே கருவைச் சுமக்கலாம், வேறொருவரைச் சுமக்கச் சொல்ல முடியாது என்பது எனக்கு இன்றும் பொருந்தாத விதியாகவே தோன்றுகிறது. பணத்துக்காக வாடகைத் தாயாவது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டுமே வழங்கலாம்.

ஒருபாலினத் தம்பதியருக்கும், திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இணையருக்கும், தனி ஆணுக்கும் இவ்விரு சட்டங்களிலும் இடமில்லை. ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில் கூறியது. ஆயினும் கருத்தரிப்புச் சட்டத்தில் ‘தம்பதி’ என்ற சொல்லின் பொருள் மாறவில்லை. தனித்து வாழும் ஆண், மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வழியே ஆண் குழந்தையைத் தத்தெடுக்கலாம்.

இதனால்தான், “யார் வந்தாலும் எல்லாம் செய்து தருகிறோம்” என்று ஒரு மையம் சொன்னால் நான் சற்றுத் தயங்குவேன். சட்டம் இடம் தராததைச் செய்து தருவதாகச் சொல்பவரிடம் பணம் போனால் முறையிடக்கூட வழியிருக்காது. ‘இது உங்களுக்குச் செய்யலாம், இது சட்டப்படி முடியாது, ஆனால் இந்த வழி இருக்கிறது’ என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும் மையம் நம்பத்தக்கது.

திருநர் நிலையில் இன்னொன்றும் உண்டு. ஹார்மோன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ செய்துகொள்வதற்கு முன்பே விந்தணு அல்லது கருமுட்டையை உறைய வைப்பது பற்றிப் பேசிவிட வேண்டும். பிறகு அந்த வாய்ப்பு குறையலாம், இல்லாமலும் போகலாம். புற்றுநோய்க்குக் கீமோதெரபி தொடங்க இருப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். மருத்துவ சேவையில் திருநரிடம் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டின் சட்டமும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவரிடம் காட்டுவதை 2017ஆம் ஆண்டின் சட்டமும் தடுக்கின்றன. விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுக்கும் முறையால், தொற்றுள்ள ஆணின் துணைவருக்குக் கிருமி பரவும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

பதிவுச் சான்றிதழ்

ஒவ்வொரு மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். நிலை 1 மையம் ஐ.யு.ஐ. வரை மட்டுமே செய்யலாம். ஐ.வி.எஃப். செய்ய நிலை 2 பதிவு தேவை. வாடகைத் தாய் முறைக்குத் தனிப் பதிவு. சான்றிதழ் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். மருத்துவரின் பட்டங்களையும் விருதுப் படங்களையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கவும். மையத்தில் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வெற்றி விகிதம் என்னும் கணக்கு

“எங்கள் வெற்றி விகிதம் இவ்வளவு” என்று பலகையில் எழுதியிருப்பார்கள். வகுப்பில் நான் அடிக்கடி சொன்னதை இங்கும் சொல்கிறேன்: விழுக்காட்டைக் கேட்டால், ‘எதில்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பெண்கள் ஊசி போட்டுச் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். 90 பேருக்குக் கருமுட்டை எடுக்கப்படுகிறது. 75 பேருக்குக் கரு வைக்கப்படுகிறது. 36 பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வருகிறது. 30 பேருக்கு ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிகிறது. 24 பேர் குழந்தை பெற்று வீடு திரும்புகிறார்கள். 75இல் 36 என்று கணக்கிட்டால் 48 விழுக்காடு. 100இல் 24 என்றால் 24 விழுக்காடு. மையம் ஒன்றுதான், மருத்துவரும் ஒருவர்தான். எண் மட்டும் இரு மடங்கு. எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் வீட்டுக்குக் குழந்தையோடு போனவர்களின் எண்ணிக்கை 24தான்.

ஆகவே கேட்க வேண்டியது இது: “என் வயதில், சொந்தக் கருமுட்டையில், சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது?” வயதைச் சேர்த்துக் கேட்பது முக்கியம். கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் 35 வயதுக்குப் பின் வேகமாகக் குறைகின்றன. கொடைக் கருமுட்டையில் கொடுத்தவரின் வயதே கணக்கு. இரண்டையும் கலந்து சொன்னால் விகிதம் உயர்ந்து தெரியும். பிரிட்டனில் ஓர் அரசு அமைப்பு ஒவ்வொரு மையத்தின் முடிவுகளையும் பொதுவில் வெளியிடுகிறது. இங்கே நாமேதான் கேட்டாக வேண்டும். வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, இரட்டைக் கர்ப்ப அபாயம் ஆகியவற்றை விளக்குவது மையத்தின் சட்டக் கடமை. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ஒரே நேரத்தில் பல கருக்களை வைத்தால் கர்ப்ப விகிதம் உயரலாம். ஆனால் இரட்டை, மூன்று குழந்தைகள் என்றால் குறைமாதப் பிறப்பும் தாய்க்கு இரத்த அழுத்தமும் கூடும். ‘எத்தனை கரு வைப்பீர்கள், ஏன்?’ என்பதற்கு வரும் பதிலிலேயே மருத்துவரின் போக்கு தெரிந்துவிடும்.

கொடைக் கருமுட்டை, கொடை விந்தணு

2022 ஜூனில் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் கருமுட்டை போலி ஆதார் அட்டையைக் காட்டிப் பலமுறை எடுக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. சட்டப்படி கருமுட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. சேகரிப்பது பதிவு பெற்ற வங்கியாக இருக்க வேண்டும். அவருக்குக் காப்பீடு எடுக்க வேண்டியவர் சிகிச்சை பெறுபவர். எந்த வங்கி, காப்பீட்டுத் தாள் எங்கே என்று கேட்பது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் பாதுகாப்புக்கும்தான்.

பணமும் காகிதமும்

தொகுப்புக் கட்டணம் என்று சொல்வதில் ஊசி மருந்து, மயக்க மருந்து, உறைய வைத்தல், ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் ஆகியவை அடங்குமா என்று எழுதி வாங்க வேண்டும். கருவையும் கருமுட்டையையும் பத்தாண்டுகள் வரை சேமிக்கலாம். இடையில் தம்பதி பிரிந்தால், ஒருவர் இறந்தால் அவை என்ன ஆகும் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த பிறகே கையெழுத்திடுவது நல்லது. கரு வைக்கப்படும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. சிகிச்சை முடிந்ததும் என்ன செய்யப்பட்டது என்ற விவரத்தோடு சான்று தர வேண்டும்.

இம்முறையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெற்றவரின் சொந்தக் குழந்தைக்குரிய எல்லா உரிமைகளும் உடையது. கொடையாளருக்கு அதன்மேல் எந்த உரிமையும் இல்லை. தனித்து வாழும் தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்முறையில் குழந்தை பெற்ற தனித் தாயிடம் பிறப்புப் பதிவில் தந்தை பெயரைக் கேட்கக் கூடாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. மகப்பேறு பார்க்கும் மருத்துவமனையில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடலாம். என் மாணவி இரண்டாவதாகப் போன மையத்தில் முதலில் கேட்ட கேள்வி இதுதான். அங்கே படிவத்தில் ‘துணைவர் பெயர், இருந்தால்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.