கடல் கடந்த ஹாக்கா

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், தரை அதிரக் கால்களை மிதித்து, மார்பிலும் தொடையிலும் அறைந்து, உரத்த குரலெழுப்பிக் கூட்டமாக நிகழ்த்தும் மரபுக்கலை ஹாக்கா எனப்படுகிறது. ஹாக்காப் பாடல்களுள் பெரும்புகழ் பெற்ற 'கா மாத்தே', நாத்தி தோவா குலத்தின் தலைவரான தே ரௌபராஹா, பகைவர் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து உயிர்தப்பியபோது, 1820-ஆம் ஆண்டையொட்டி இயற்றியதாகக் குலமரபு கூறுகிறது. 1905-இல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்த நியூசிலாந்து ரக்பி அணி இதனை நிகழ்த்திய பின், ஒரு குலத்தின் பாடல் படிப்படியாக நாட்டின் அடையாளமாகி, அயல்நாட்டு விளம்பரங்களுக்கும் நினைவுப்பொருள் வணிகத்திற்கும் மூலப்பொருளாயிற்று. 2006-இல் இத்தாலியக் கார் விளம்பரமொன்றில் பெண்கள் ஹாக்கா நிகழ்த்தியது மாவோரி மக்களை வருத்தமுறச் செய்தது.

நாத்தி தோவா குலத்தார் நெடுங்காலம் வலியுறுத்தியதன் பயனாக, 2014-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, 'கா மாத்தே'யை வணிக நோக்கில் வெளியிடுவோர் அதனை இயற்றியவரையும் அவரது குலத்தையும் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. படைப்பாளரைப் பெயர் சுட்டி ஏற்கும் இவ்வுரிமை மதிப்பிற்குரியதே எனினும், ஈட்டப்படும் வருவாயில் குலத்தாருக்குப் பங்கு தர அச்சட்டம் வழிசெய்யவில்லை. நியூசிலாந்தின் எல்லைக்கு அப்பால் அது எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை.