முகாமுக்கு அனுப்பலாமா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கேள்வி

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவங்க சென்னையில ஐடியில இருக்காங்க, சொந்த ஊர் கம்பம் பக்கம். தங்கச்சி ஒன்பதாவது படிக்கிறா, பள்ளியில சாரணியர் படையில அணித் தலைவி. மூணு நாள் முகாமுக்குப் பேர் குடுத்திருக்கா. அப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாராம்: "பொம்பளப் புள்ளைய ராத்திரி வெளியில தங்க விட முடியாது." அக்காவோட கேள்வி இதுதான்: "வீட்ல சண்டை போடுற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

இந்தக் கேள்விக்கு நான் நடுநிலையா பதில் சொல்ல முடியாது. அதை முதல்லயே சொல்லிடுறேன். நானும் அதே பள்ளத்தாக்குதான், உத்தமபாளையம் பக்கம். நானும் ஒன்பதாவதுல அணித் தலைவி. எனக்கும் வீட்ல இதே பதில்தான். நான் போகல. வீட்டை விட்டு நான் தனியா தங்கின முதல் ராத்திரி, இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல, 18 வயசுல. காய்ச்சல் வந்தப்போ வார்டன் ரூம் கதவைத் தட்டக்கூட தைரியம் வரல, விடியற வரைக்கும் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தேன். முகாமுக்குப் போயிருந்தா எல்லாம் மாறியிருக்கும்னு சொல்ல வரல. ஆனா அந்தப் பழக்கம் பதினாலு வயசுலயே தொடங்கியிருக்கும்.

சாரணியர் படைன்னா என்ன?

நிறைய பேருக்கு சாரணியர்னா சுதந்திர தின அணிவகுப்பும், கழுத்துல ஸ்கார்ஃபும்தான் ஞாபகம் வரும். உள்ள நடக்கிறது வேற.

10 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பெண் பிள்ளைகள் 'கைடு', தமிழ்ல சாரணியர். ஒரு படையை ஆறு முதல் எட்டு பேர் கொண்ட அணிகளா பிரிப்பாங்க. ஒவ்வொரு அணிக்கும் ஒரு தலைவி, ஒரு துணைத் தலைவி. இவங்க சும்மா பேருக்கு இல்ல. முகாம்ல யார் சமைக்கிறது, யார் தண்ணி எடுக்கிறது, யாருக்கு உடம்பு முடியல, எல்லாத்துக்கும் அணித் தலைவிதான் பொறுப்பு. அணித் தலைவிகள் சேர்ந்து உட்கார்ந்து படையோட விஷயங்களை முடிவு பண்ற ஒரு சபையும் உண்டு, 'கோர்ட் ஆஃப் ஹானர்'னு பேர். கைடு கேப்டனா இருக்கிற டீச்சர் கூட இருப்பாங்க, ஆனா பேச வேண்டியது பிள்ளைகள்தான்.

எங்க ஆபீஸ்ல ஏழு பேர் டீமுக்கு ஒருத்தரை லீட் ஆக்கணும்னா அஞ்சாறு வருஷ அனுபவம் கேப்பாங்க. இங்க அதே எண்ணிக்கையை ஒரு 13 வயசுப் பிள்ளை கையில குடுக்குறாங்க. தப்பு பண்ணுவா. சாம்பார்ல உப்பு கூடிப்போகும், கூடாரம் சாயும். அதைச் சரி பண்றதுதான் பாடமே.

இன்னொண்ணு. ஆண் பிள்ளைகளும் படிக்கிற வகுப்புல லீடர் யாருன்னு பெரும்பாலும் நமக்கே தெரியும். சாரணியர் படையில எல்லாப் பொறுப்பும் பெண் பிள்ளைகள்கிட்ட, அவங்களை நடத்துறதும் ஒரு பெண் கேப்டன். இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1909ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல ஆண் பிள்ளைகளுக்காக பேடன் பவல் நடத்தின சாரணர் பேரணிக்கு, யாரும் கூப்பிடாமலே கொஞ்சம் பெண் பிள்ளைகள் வந்து நின்னாங்க, 'நாங்களும் சாரணர்கள்தான்'னு. அடுத்த வருஷமே பெண்களுக்குன்னு தனி இயக்கம். அதைப் பொறுப்பெடுத்து நடத்தினது பேடன் பவலோட தங்கச்சி ஆக்னஸ். 1911ல இந்தியாவுக்கு வந்துடுச்சு, முதல் படை ஜபல்பூர்ல. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7ல பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவாச்சு, 1951 ஆகஸ்ட் 15ல பெண்கள் அமைப்பும் அதுல சேர்ந்துச்சு.

படி ஏறுறது எப்படி?

சாரணியர்ல நிலைகளுக்கு 'சோபான்'னு பேர், அதாவது படி. பிரதம், த்விதீய, த்ருதீய சோபான். அதுக்கு மேல ராஜ்ய புரஸ்கார், நம்ம ஊர்ல ஆளுநர் விருதுன்னு சொல்றது. உச்சியில குடியரசுத் தலைவர் விருது. முடிச்சு போடுறது, முதலுதவி, வரைபடம் பார்க்கிறது, சமையல், நடைப்பயணம், முகாம், ஊருக்குச் சேவைன்னு படிப்படியா கூடிக்கிட்டே போகும். ஒவ்வொரு படிக்கும் மாசக்கணக்குல ஆகும். அதனால பத்தாவது பரிட்சை நெருங்கும்போது சேர்ந்தா மேல போக நேரம் பத்தாது. ஆறாவது, ஏழாவதுலயே சேர்றது நல்லது.

இதுல முக்கியமானது, முகாம் ஒரு சுற்றுலா இல்ல. மேல போகப் போக வெளியில தங்கினாத்தான் அடுத்த படி. 'சாரணியர்ல இரு, ஆனா ராத்திரி தங்காதே'ன்னு சொன்னா, பிள்ளை அதுக்கு மேல ஏறவே முடியாது. நான் அப்படி நின்னவதான்.

சேவையும் அப்படித்தான். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுல எவ்வளவு கூட்டம்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி கூட்டத்துல குழந்தையைத் தொலைச்ச அம்மாவை எப்படி அமைதிப்படுத்தி, எங்க கூட்டிட்டுப் போறதுங்கிறது ஒரு வேலை. முல்லைப் பெரியாறு ஓடுற ஊர்ல, தண்ணியில விழுந்தவங்களுக்கு முதல்ல என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒரு பிள்ளை தெருவுக்கு ஒருத்தி இருந்தா நல்லதுதானே?

எங்கெல்லாம் போகலாம்?

உள்ளதைச் சொல்லிடுவோம். எல்லாரும் வெளிநாடு போக முடியாது. உலக ஜாம்போரிக்கு 14 முதல் 17 வயசுக்காரங்க போகலாம், ஆனா விமானம், விசா, கட்டணம்னு லட்சத்தைத் தாண்டும்.

பக்கத்துலயே நிறைய இருக்கு. 2025 ஜனவரி 28ல இருந்து பிப்ரவரி 3 வரைக்கும் இயக்கத்தோட வைர விழா ஜாம்போரி எங்க நடந்துச்சு தெரியுமா? மணப்பாறையில, சிப்காட் வளாகத்துல. தேனியில பஸ் ஏறி திண்டுக்கல் தாண்டினா வந்துடும். மத்த மாநிலப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அங்க கூடாரம் போட்டுத் தங்கினாங்க. மத்தியப் பிரதேசம் பச்மரியில தேசியப் பயிற்சி மையம் இருக்கு, சாகசப் பயிற்சி நிலையமும் இருக்கு.

நம்ம அமைப்பு உலக சாரணர் அமைப்பு, உலகச் சாரணியர் சங்கம் ரெண்டுலயுமே உறுப்பினர். அதனால நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கக் கதவும் திறந்திருக்கு. உலகச் சாரணியர் சங்கத்துக்குன்னு உலகத்துல அஞ்சு மையம்தான். அதுல ஒண்ணு புனேயில, 1966ல திறந்தது, பேரே 'சங்கம்'. பல நாட்டுப் பெண்கள் விசா எடுத்து வர்ற இடத்துக்கு நமக்கு ரயில் டிக்கெட் போதும்.

பள்ளியோட முடியறதும் இல்ல. 25 வயசு வரைக்கும் 'ரேஞ்சர்' பிரிவுல தொடரலாம். ரயில்வேயில சாரணர் சாரணியர் ஒதுக்கீடு உண்டு, குடியரசுத் தலைவர் விருது வாங்கினவங்க அதுக்கு விண்ணப்பிக்கலாம். இடங்கள் ரொம்பக் கம்மி. அதனால வேலைக்காகவே சேருங்கன்னு சொல்ல மாட்டேன்.

அப்பாவோட பயம்

இப்ப அப்பா பக்கம் வருவோம். அந்தப் பயத்தைப் பழைய காலத்து ஆளுன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

2018 மார்ச் 11, குரங்கணி. நம்ம மாவட்டம். மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல இறந்துபோனாங்க, அதுல நிறைய பேர் இளம் பெண்கள். அந்த வாரம் போடியில இருந்து கூடலூர் வரைக்கும் ஒவ்வொரு வீட்லயும் அதே பேச்சுதான். 2024 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளியில, என்சிசி பேரைச் சொல்லி நடத்தின போலி முகாம்ல மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானாங்க. அதுக்கும் உண்மையான என்சிசிக்கும் சம்பந்தமே இல்ல. பெரிய அளவுல நடத்தினாலும் தப்பு நடக்கும். 2023ல தென்கொரியா உலக ஜாம்போரியில வெயில் தாங்காம நிறைய பேர் மயங்கினாங்க, கடைசியில புயல் வருதுன்னு எல்லாரையும் பாதியிலயே வெளியேத்தினாங்க.

இந்த மூணுலயும் நான் கத்துக்கிட்டது 'போகாதே' இல்ல. யார் கூட்டிட்டுப் போறாங்க, யார் அனுமதி குடுத்தாங்க, ஏதாவது ஆனா யார் பொறுப்புன்னு கேக்காம அனுப்பக் கூடாதுங்கிறதுதான். அப்பாகிட்ட 'அனுப்புங்க'ன்னு கேக்காதீங்க. 'நாம சேர்ந்து விசாரிப்போம்'னு கேளுங்க.

விசாரிக்க வேண்டியது இவ்வளவுதான்:

- முகாமை நடத்துறது யார்? எழுத்துல கடிதம் இருக்கா? மாவட்ட சாரணர் சாரணியர் செயலாளர்கிட்டயும் தலைமையாசிரியர்கிட்டயும் கேட்டு உறுதிப்படுத்துங்க.
- கூட வர்ற கைடு கேப்டன் யார்? பயிற்சி எடுத்தவங்களா? பெண் பிள்ளைகள் கூட பெண் ஆசிரியர் கண்டிப்பா தங்கணும்.
- தங்குற இடம், கழிப்பறை, குளிக்கிற இடம் பெண்களுக்குத் தனியா இருக்கா? ராத்திரி காவல் யார்?
- மலை, காடு, ஆறு ஏதாவது திட்டத்துல இருக்கா? இருந்தா வனத்துறை அனுமதி இருக்கா?
- பிள்ளை தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் பேசுவா?
- மருந்து, மாதவிடாய் நாட்கள், ஒவ்வாமை பத்தி கேப்டன்கிட்ட சொல்லியாச்சா?

பிள்ளைகிட்டயும் ஒண்ணு சொல்லுங்க. ஏதாவது சரியில்லைன்னு தோணினா யாரும் சொல்றதுக்குக் காத்திருக்காம வீட்டுக்குக் கூப்பிடலாம், 1098க்குக் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிட்டா திட்டு விழாதுன்னு அப்பா வாயால சொல்லணும்.

இதுல ஒரு கேள்விக்குச் சரியான பதில் வரலைன்னாலும் அந்த முகாமுக்கு அனுப்பாதீங்க. அடுத்த முகாம் வரும்.

கடைசியா ஒண்ணு

கூடலூர், கம்பம், போடியில இருந்து விடியக்காலையில ஜீப் ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, கேரளா ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற பெண்களை நாம சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கோம். அதை யாரும் 'பயணம்'னு சொன்னதில்ல, 'பொம்பள எதுக்கு மலை தாண்டணும்'னு யாரும் கேட்டதுமில்ல. கூலிக்குப் போனா கேக்காத கேள்வியை, கத்துக்கப் போனா மட்டும் கேக்கறோம்.

அந்த அக்காவுக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: சண்டை போட வேண்டாம், ஆனா விடவும் வேண்டாம். இந்தப் பட்டியலை அப்பா கையில குடுங்க, கேப்டன் டீச்சரை அவரே நேர்ல பார்க்கட்டும். நேத்து மறுபடியும் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் போறதா அப்பா ஒத்துக்கிட்டாராம். முகாமுக்கு இன்னும் சரின்னு சொல்லல, டீச்சரைப் பார்க்கத்தான். என் அப்பா அந்த அளவுக்குக்கூட வரல, அதனால எனக்கு இது பெரிய விஷயமாத்தான் தெரியுது.

என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். நீங்க கைடா இருந்திருந்தீங்கன்னா, உங்க முதல் முகாம் பத்தி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.