பேரியம் படம்: எந்த முறையில் எடுத்தது?

எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் உட்சுவர் தானாகத் தெரியாது. கதிரைத் தடுக்கும் பேரியம் சல்ஃபேட்டை நீரில் கலக்கிக் குடிக்கவைத்தால்தான் அதன் உருவம் படத்தில் விழும். அந்தக் கலவையை எப்படிக் குடிக்கவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உணவுக்குழாய் அழற்சியின் எந்த முகம் தெரியும் என்பதே மாறிவிடுகிறது. நீர்த்த பேரியத்தைக் குப்புறப் படுத்தபடி மடமடவென்று குடித்தால் குழாய் நிரம்பி நன்றாக விரியும். இது சிங்கிள் கான்ட்ராஸ்ட் முறை. நாள்பட்ட அழற்சி விட்டுச்சென்ற தழும்பால் குழாய் குறுகியிருந்தால், விரிய மறுக்கும் அந்த இடம் இதில் தப்பாது. கீழ்முனையின் வளையமும் மார்புக்குள் ஏறிய இரைப்பையும் அப்படித்தான். ஆனால் அந்த வெள்ளைத் தூணுக்குள் சிறு புண்கள் மூழ்கிவிடும். டபுள் கான்ட்ராஸ்ட் முறையில் முதலில் நுரைக்கும் பொடியை விழுங்கவைத்து, பிறகு நின்றபடி அடர்ந்த பேரியத்தைக் குடிக்கவைக்கிறார்கள். வாயு குழாயைத் திறந்துவைக்க, பேரியம் சுவரில் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அமிலம் மேலேறி உண்டாக்கிய மணல் போன்ற சொரசொரப்பு, காண்டிடா பூஞ்சையின் நீளவாக்கிலான திட்டுகள், ஹெர்பஸ் கிருமியின் தனித்தனிக் குட்டிப் புண்கள் எல்லாம் அந்தப் பூச்சில்தான் துலங்கும். குழாய் சுருங்கியிருக்கும்போது எடுக்கும் படமும் உதவும்: 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மடிப்புகள் வீக்கத்தைச் சொல்லும்.

ஆகவே ஒரே அமர்வில் இவற்றைச் சேர்த்துச் செய்வதே சரி. கதிர்வீச்சும் நேரமும் கூடுமே என்றால், கொஞ்சம் கூடும்தான். பாதிச் சோதனையை நம்பி நோயைத் தவறவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு. எண்டோஸ்கோப்பி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. இலேசான அழற்சியைக் கண்டுபிடிப்பதிலும், சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதிலும் எண்டோஸ்கோப்பிக்கு ஈடில்லை. ஈசினோஃபில் அணுக்கள் சேர்ந்து வரும் அழற்சியை அந்தத் துணுக்கு இல்லாமல் உறுதிசெய்யவே முடியாது. ஆனால் அந்தக் கருவியின் தடிமன் சுமார் 10 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே அகலமான சுருக்கத்தின் வழியே அது தடையின்றி நுழைந்துவிடும். உணவுக்கவளம் சிக்குவதோ அங்கேதான். நிரம்பி விரிந்த பேரியம் படமும், கூடவே விழுங்கவைக்கும் சுமார் 13 மில்லிமீட்டர் பேரியம் மாத்திரையும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நிற்க முடியாத முதியவருக்குப் பெரும்பாலும் சிங்கிள் கான்ட்ராஸ்ட் மட்டுமே சாத்தியம். அந்தப் படத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்தால், குழாய் குறுகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். விழுங்கும்போது வலி நீடித்தால் அழற்சியைத் தேடுவதை அங்கே நிறுத்தக் கூடாது.