சிவப்பு முத்திரை இருக்கும் இடம்

ஜப்பானிய மொழியில் ஒப்பந்தப் பத்திரம் படிக்கப் பழகுபவருக்கு முதலில் தட்டுப்படும் சொற்கள் 'கோ', 'ஓட்சு'. முதல் தரப்பு கோ, இரண்டாம் தரப்பு ஓட்சு. தொடக்கத்தில் பெயர்களைச் சொல்லிவிட்டால், பிறகு ஷரத்துகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும்தான் வரும். இவை சீக்கிரம் பழகிவிடும். திணற வைப்பவை தாளின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் தெரியும் சிவப்பு வட்டங்கள். முத்திரை ஒன்றே என்றாலும் குத்தும் இடம் மாறினால் அதன் பெயர் மாறும், அது செய்யும் வேலையும் மாறும்.

முத்திரைக்குப் பேச்சுவழக்கில் 'ஹன்கோ' என்று பெயர். விரல் நீளத்தில் மரத்திலோ எருமைக்கொம்பிலோ டைட்டானியத்திலோ செய்த சிறு தண்டு அது. அதன் முனையில் உரிமையாளரின் பெயரை இடவலம் மாற்றிச் செதுக்கியிருப்பார்கள். யமனாஷி மாகாணத்தின் ரொகுகோ பகுதி இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. பார்சல் வாங்க 'மிதோமெயின்', வங்கிக்கு 'கின்கோயின்', பெரிய காரியங்களுக்கு 'ஜிட்சுயின்' என்று ஒருவரிடமே பல இருக்கும்.

ஜிட்சுயின் என்பது உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்த முத்திரை. ஒருவருக்கு ஒன்றுதான். தாளில் விழும் அதன் பதிவு 8 மில்லிமீட்டர் சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையை ஏற்பதில்லை. அழுத்தினால் அதன் உரு மாறிவிடும். பதிவு செய்தவருக்கு அலுவலகம் சான்றிதழ் தரும். வீடு, நிலம் கைமாறும்போது பத்திரத்தில் உள்ள பதிவைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் சட்டம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 228-வது பிரிவின்படி, ஒருவரின் கையெழுத்தோ முத்திரையோ உள்ள தனியார் பத்திரம் உண்மையானது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். பதிவு அவருடைய முத்திரையோடு பொருந்தினால் அவர் விருப்பத்தின்பேரில்தான் குத்தப்பட்டது என்று கொள்ளலாம் என 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நான் குத்தவில்லை' என்று வெறுமனே சொல்லித் தப்ப முடியாது.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். பல பக்கங்கள் இருந்தால் அடுத்தடுத்த இரு பக்கங்களில் பாதிப் பாதியாக விழும்படி குத்துவது 'கெய்யின்'. இடையில் ஒரு தாளை யாராவது மாற்றினால் வட்டம் ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கு ஒன்றாக இரண்டு பிரதிகள் போட்டால், ஒன்றின் மேல் ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்து இரண்டிலும் படும்படி குத்துவது 'வாரியின்'. ரெவின்யூ ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் சேர்த்துக் குத்துவது 'கெஷியின்'. அந்த ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி செய்வதே நோக்கம். இதை விட்டுவிட்டால் ஸ்டாம்பின் மதிப்புக்குச் சமமான தொகையைத் தண்டமாகக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் மட்டும் செல்லும்.

பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசக் கூடாது. தவறான சொல்லின் மேல் இரட்டைக் கோடு போட்டுச் சரியானதை அருகில் எழுதி, '2 எழுத்து நீக்கம், 3 எழுத்து சேர்ப்பு' என்று ஓரத்தில் குறித்து, கையொப்பத்துக்குப் பயன்பட்ட அதே முத்திரையைக் குத்துவார்கள். இது 'தெய்ஸெய்யின்'. இந்தத் திருத்தத்துக்கு முன்கூட்டியே அனுமதி தருவதுபோல் வெறும் ஓரத்தில் குத்தி வைப்பது 'சுதேயின்'. சின்னப் பிழைக்காக மறுபடி அலைய வேண்டாம் என்று செய்த ஏற்பாடுதான். ஆனாலும் எதிராளி கையில் வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கு ஒப்பானது அது. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு சொல்லைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதையே செய்ய வேண்டும். கேட்டால் மறுக்கவும் தெரிய வேண்டும்.

2020-இல் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சராக இருந்த கோனோ தாரோ, முத்திரை கேட்கும் சுமார் 15,000 அரசு நடைமுறைகளைப் பரிசீலிக்க வைத்தார். 83 மட்டுமே தப்பின; ஏறத்தாழ அனைத்தும் பதிவு செய்த முத்திரை தேவைப்படுபவை. கணினிவழி ஒப்பந்தங்களுக்கு ரெவின்யூ ஸ்டாம்பு தேவையில்லை என்பதால் நிறுவனங்களும் அந்தப் பக்கம் சாய்கின்றன. ஆனால் வீட்டை விற்பவர் உரிமையை மாற்றிப் பதியப் போகும்போது, ஜிட்சுயினும் மூன்று மாதத்துக்குள் வாங்கிய சான்றிதழும் இன்றும் தேவைப்படுகின்றன.